பெரியம்மாவின் கால்கள்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வாரம் அன்பு கொஞ்சம் கம்மிதான். எழுதிப் பழகிய கை, அதுவாக எழுதிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிலந்தி தன் காலைத் தானே கழற்றித் தின்றுவிட்டது.

நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரிக்காதே. காலையில் பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பலாம் என்று கண்ணாடித் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உன் பெரியம்மா மூலையில் குந்தியிருந்தாள். (உள்ளங்கை அளவு சிலந்திக்குப் போய் பெரியம்மா என்று பெயர் வைத்த ஒரே பிறவி நீதான்.) வாயில் குச்சி மாதிரி ஏதோ இருந்தது. நீ போடச் சொன்ன கரப்பான்பூச்சியின் மிச்சமாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். மயிர் முளைத்த கால். அவளுடைய கால். இடப்பக்கம் மூன்றுதான் இருந்தது. கையிலிருந்த கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவள் அசையவில்லை. நிதானமாக, பசி ஆறுகிற மாதிரி, மென்றுகொண்டே இருந்தாள். அந்த நிதானம்தான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னைச் சும்மா விடப் போவதில்லை. நான் நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, துணி வெட்டுகிற மேசையின் மேல் தொட்டியை வைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லு, ஆறே மாசம்" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். நேரில் கேட்டால் மாட்டேன் என்பேன் என்று தெரியும் உனக்கு. இப்போது போனும் எடுக்காத மலையில் போய், சுரங்கப்பாதைக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வாரத்துக்கு ஒருமுறை சாமான் லாரியில் வருகிற கடிதத்தைத் தவிர உன்னைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

இங்கே வேலையோ தலைக்கு மேல். அந்த நாடகக் கம்பெனி மறுபடியும் கொட்டகையைத் திறக்கிறார்களாம். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த உடுப்புப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எல்லாத்தையும் பிரிச்சு, அளவு பார்த்து, தைச்சுக் குடும்மா" என்று போய்விட்டார்கள். ராஜா, ராணி, மந்திரி, சேனாபதி என்று ஒரு ராஜ்ஜியமே என் அறையில் குவிந்து கிடக்கிறது. இத்தனை பழசு, ஆனால் பூச்சி அரித்த ஒரு துளை கிடையாது. அந்தக் காலத்துத் துணி அப்படி. உதறினால் தூசிதான் பறக்கிறது. பாப்பா மேசைக்கடியில் உட்கார்ந்து வெட்டுத் துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டே தும்மித் தள்ளுகிறாள்.

தையல் மிஷினில் உட்கார்ந்தால் உன் பெரியம்மா என் முகத்துக்கு நேரே. எட்டுக் கண்ணாலும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். அதனால் இரண்டு வாரமாகத் தொட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன். மூடிய பிறகுதான் ஊசி விரலில் குத்தாமல் வேலை நடக்கிறது.

சொல், ஏன் இப்படிச் செய்கிறாள்? "அம்மா, அதுக்கு வலிக்காதா?" என்று பாப்பா கேட்கிறாள். ஒரு உயிர் தன்னையே தின்கிற அளவுக்கு என்ன கேடு வந்தது? எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குள் நமக்குத் தெரியாமல் ஏதோ நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

கோபத்துடன்,
அக்கா


ஜூன் 10

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அந்த டம்ளர் உடைகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நீ பயந்தால் எனக்கும் பயம் வந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. சிலந்திக்குக் காலைக் கழற்றத் தெரியும். உடம்போடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூட்டு இருக்கிறது, அங்கேதான் விடும். விட்டதும் தசை சுருங்கி வாயை மூடிக்கொள்ளும், ரத்தம் ஒழுகிச் சாகாது. கால் எங்கேயாவது நசுங்கினால் கழற்றும், எதிரி பிடித்துக்கொண்டால் கழற்றும். தோலுரிக்கும்போது பழைய தோலுக்குள் கால் சிக்கிக்கொண்டாலும் அப்படித்தான். குளவி மாதிரி ஏதாவது காலில் கொட்டினால், விஷம் உடம்புக்கு ஏறுவதற்குள் அந்தக் காலையே வேண்டாம் என்று விட்டுவிடும். கால் போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும் என்ற கணக்கு. அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது புதுக்கால் முளைத்துவிடும், முதலில் கொஞ்சம் குட்டையாக.

தின்பது எதற்கு என்றால், அதில் சதை இருக்கிறது, ஈரம் இருக்கிறது. கழன்ற பிறகு அவளுக்கு அது கால் இல்லை, சாப்பாடு. நீ வெட்டி மிஞ்சிய துணியைக் குப்பையில் போடுகிறாயா? பாப்பாவுக்குப் பாவாடையாகத் தைத்துவிடுகிறாய் அல்லவா? பெரியம்மாவும் உன்னை மாதிரிச் சிக்கனக்காரி, அவ்வளவுதான். வலிக்குமா என்று கேட்கிற பாப்பாவிடம், அவள் வலி நமக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொல். மாமா கேட்டால் வலிக்காது என்று சொல்லிவிடு, அவர் இளகிய மனசுக்காரர்.

இங்கே போன வாரம் பாறை சரிந்து, துளைபோடுகிற ஒருவனுடைய பூட்ஸ் அடியில் மாட்டிக்கொண்டது. மொட்டை என்று கூப்பிடுவோம் அவனை. கயிறை அறுத்துவிட்டு வெறுங்காலோடு உருவிக்கொண்டு ஓடி வந்தான். மறுநாள் அந்த ஒற்றை பூட்ஸைத் தேடி உள்ளே போனான் பார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தோமே தவிர, அன்றிலிருந்து நானும் என் பூட்ஸ் கயிறைத் தளர்த்தித்தான் கட்டுகிறேன். உள்ளே பல்பு மாற்றும்போது மேலே மண் உதிர்கிற சத்தம் கேட்டால் ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ எனக்காகச் சிலதைப் பார்த்து எழுத வேண்டும். மூடியைச் சாத்தும்போது அவள் கால் நசுங்கியதா? தின்னாத கரப்பான்பூச்சி உள்ளேயே கிடந்து அவளைக் கடித்ததா? மண் காய்ந்துவிட்டதா? மேலே போட்டிருக்கிறாயே, அது எந்தத் துணி, காற்று போகிறதா? கொசுவுக்கோ எறும்புக்கோ மருந்து ஏதாவது அடித்தாயா? அந்த மருந்து மட்டும் அவள் பக்கம் போகவே கூடாது. பூச்சிக்குச் செய்வதை அவளுக்கும் செய்யும்.

எல்லாவற்றையும்விட, அவள் உடம்பு நடுங்குகிறதா என்று பார். ஒரு கால் போனால் பயப்பட ஒன்றுமில்லை. நடுங்கினால்தான் எனக்குப் பயம்.

பாப்பாவின் தும்மல் நின்றதா?

தம்பி


ஜூன் 17

தம்பி,

நடுங்குகிறதா என்று கேட்டாய். நடுங்குகிறது.

இன்னும் இரண்டு கால் போய்விட்டது. ஒன்றைத் தின்றாள். மற்றதைத் தின்ன ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள், கிண்ணத்துக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. மிச்சம் இருக்கிற ஐந்து காலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தனித்தனியாக உதறுகின்றன. எழுந்து நிற்கப் பார்க்கிறாள், முடியவில்லை. ஆனால் இப்போது எனக்கு அவளைப் பற்றிப் பேச நேரமில்லை.

பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. முதலில் தலைவலி என்றாள். பள்ளிக்குப் போக அழுகிறாள் என்று நினைத்து இரண்டு அதட்டல் போட்டேன். பிறகு வாந்தி. குழந்தையாக இருந்தபோது ஒழுகிய மாதிரி இப்போது எச்சில் ஒழுகுகிறது, தலையணை நனைந்துவிடுகிறது. நேற்று பென்சிலைப் பிடிக்க முடியாமல் விரல் துடித்தது. "அம்மா, என் கையும் பெரியம்மா மாதிரி ஆடுது" என்று காட்டினாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். விளையாட்டு இல்லை. தோலுக்கடியில் ஏதோ துள்ளிக்கொண்டே இருந்தது.

தெருமுனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "வீட்டுல புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?" என்றார். நான் வேறு என்ன சொல்வேன்? "சிலந்திங்க டாக்டர், என் தம்பி வளர்க்கறது" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சிலந்தியையா? வீட்டுக்குள்ளயா? அதோட மயிர் உதிர்ந்து மூச்சுல போயிருக்கலாம். கடிச்சிருந்தாலும் சொல்றதுக்கில்ல. முதல்ல அதை வெளிய அனுப்புங்க, மத்ததை அப்புறம் பார்ப்போம்."

உன் மாமா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்ததும் சொன்னேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "அது இருக்கணுமா, நான் இருக்கணுமா, நீயே முடிவு பண்ணிக்க" என்றார். அவர் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும்.

தொட்டியைத் தூக்கி வெளிப் பால்கனியில் வைத்துவிட்டேன். தூக்கும்போது என் கையும் ஆடியது, பயத்தில்தான் இருக்கும். கீழே போட்டுவிடுவேனோ என்று உயிர் போனது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் வேண்டுமானால்: மூடியில் நசுங்கவில்லை. பூச்சி எதுவும் உள்ளே கிடக்கவில்லை. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. மருந்தா? பாப்பாவுக்கு இளைப்பு வரும் என்று இந்த வீட்டில் கொசுவர்த்திகூடக் கொளுத்துவதில்லை, உனக்குத் தெரியாதா? மூடியிருந்தது உடுப்புப் பெட்டியில் மேலாக இருந்த நீல வெல்வெட் அங்கி. ராஜா சிம்மாசனத்தில் உட்காரும்போது போட்டுக்கொள்வது. கனமான துணி, ஒரு துளி வெளிச்சம் உள்ளே போகாது. அதற்காகத்தான் அதைப் போட்டேன்.

இப்போது அந்த அங்கி பாப்பாவிடம்தான் இருக்கிறது. வேர்த்துக் கொட்டிவிட்டுக் குளிர்கிறது குளிர்கிறது என்று சுருண்டுகொண்டாள். தொட்டியை வெளியே வைத்த பிறகு வெல்வெட் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துப் போர்த்திவிட்டேன். மூக்கு வரை இழுத்துக்கொண்டு, "நான்தான் ராஜா" என்றாள். இந்த வாரம் முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து அதை விட மாட்டேன் என்கிறாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என் குழந்தைக்கு ஏதாவது ஆனால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

அக்கா

ஒன்று விட்டுப்போயிற்று. வெளியே வைத்த பிறகு உன் பெரியம்மாவின் நடுக்கம் குறைந்திருக்கிறது. பாப்பாவுக்குத்தான் கூடிக்கொண்டே போகிறது. நல்ல நியாயம்.


ஜூன் 22

அக்கா,

வெல்வெட்டை எடு. பாப்பா மேல் இருந்து அதை எடு.

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. மலை சரிந்து சாலை அடைபட்டுக் கிடக்கிறது. லாரி கீழேயே நின்றுவிட்டது. டிரைவர் தபால் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஏறி வந்தார். அதில் உன் கடிதம் இருந்தது. திரும்பிப் போக வழி திறக்கிற வரை இங்கிருந்து ஒரு காகிதமும் கீழே போகாது. தெரிந்தும் எழுதுகிறேன், சும்மா உட்கார்ந்தால் தலை வெடித்துவிடும்.

பூச்சி அரிக்காத பழைய துணி உண்டா அக்கா? முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், ஒரு துளை கிடையாது என்று. பாப்பா தும்முகிறாள் என்று. நான் அதைக் கதை மாதிரிப் படித்துவிட்டு மூடியையும் கரப்பான்பூச்சியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காகப் பெட்டியில் கிடந்த வெல்வெட்டைப் பூச்சி தொடவில்லை என்றால், தொட முடியாதபடி எதையோ போட்டிருக்கிறார்கள். நீ தூசி என்று உதறுவது தூசி இல்லை. அதை அவள் தொட்டிக்கு மேல் போட்டாய், மூடியின் சல்லடை வழியாக அவள்மேல் உதிர்ந்தது. விஷம் காலில் ஏறியது, காலைக் கழற்றினாள். எல்லாப் பக்கமும் அதுவே இருந்தால் எத்தனை காலைத்தான் கழற்றுவாள்? அங்கியை எடுத்ததும் அவளுக்கு நடுக்கம் குறைந்தது. அங்கி போன இடத்தில் கூடுகிறது.

நான் டாக்டர் இல்லை. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். தப்பாகவே இருக்கட்டும், ஆனால் அதை எடுத்துவிடு.

இங்கே மேலாளர் அறையில் ஒரு வயர்லெஸ் இருக்கிறது. நகரத்துத் தலைமை அலுவலகத்தோடு மட்டும் பேசலாம், அதுவும் வேலை விஷயம் மட்டும். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் மேலாளர்.

"எங்க அக்கா பொண்ணுக்குங்க. விஷம்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்லைங்க. சிலந்தி காலை உதிர்த்திருக்கு."

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். "சிலந்தி காலு விழுந்துச்சுன்னா வயர்லெஸ்ஸா? போய்யா, போய் வேலையைப் பாரு. சாலை அடைச்சுக் கிடக்கு, அதைச் சொல்றதுக்கே லைன் கிடைக்கல" என்றார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அவர் காலில் விழுந்தேன் என்று மொட்டை சொல்கிறான். மொட்டைதான் எனக்காகச் சத்தம் போட்டிருக்கிறான். "குழந்தை சார்! பொய்யா இருந்தா நாளைக்கு எல்லாரும் சேர்ந்து சிரிப்போம். நிஜமா இருந்தா?" என்று கேட்டானாம். அதற்குப் பிறகு மேலாளரே லைன் போடச் சொன்னார்.

ஆனால் கொட்டுகிற மழையில் லைன் கிடைக்கவில்லை. கரகரவென்று சத்தம்தான். வயர்லெஸ்காரர் பொறுமையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் பக்கத்தில் நின்று பாப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். மூக்கு வரை இழுத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை.

சாயங்காலம் லைன் கிடைத்தது. உன் விலாசமும் மூன்று வாக்கியமும் சொன்னேன்: நீல வெல்வெட்டில் விஷம். பாப்பா மேல் இருந்து எடு. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பூச்சி மருந்து என்று சொல். மறுமுனையில் ஒருவர் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார், நடுவிலேயே கரகரப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டாரா, ஆள் அனுப்புவாரா, உன் வீட்டைக் கண்டுபிடிப்பாரா, எதுவும் தெரியவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. என் பெயரைக் கேட்டதும் நீ கதவைச் சாத்திவிடுவாயோ என்று.

அக்கா, நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம். அதை மட்டும் எடுத்துவிடு.

தம்பி


ஜூலை 1

தம்பி,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. சாலை நாளை திறக்கும் என்று உங்கள் அலுவலகத்து டிரைவர் சொன்னார், இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பா உயிரோடு இருக்கிறாள். இப்போது உட்கார்ந்து படி.

நீ சேதி சொன்ன அன்று இருட்டுகிற நேரம் ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட டிரைவர் கதவைத் தட்டினார். "உங்க தம்பி மலையிலேர்ந்து வயர்லெஸ்ல சேதி சொல்லியிருக்காரு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. குழந்தை உள்ளே சுருண்டு கிடக்கிறாள், இவனுக்கு அந்தச் சிலந்திதான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். "சிலந்தி சமாச்சாரம்னா வேண்டாங்க. போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

சாத்தினேன் தம்பி. தாழ்ப்பாளும் போட்டேன். அவர் மட்டும் சரிதான் போ என்று திரும்பிப் போயிருந்தால்? நல்ல மனிதர், போகவில்லை. தெருவே கேட்கிற மாதிரிக் கதவைத் தட்டிக்கொண்டு கத்தினார். "சிலந்தி இல்லம்மா! வெல்வெட்டு! நீல வெல்வெட்டுல விஷம்! குழந்தை மேல இருந்து எடுக்கச் சொன்னாரு!"

திரும்பிப் பார்த்தேன். பாப்பா கட்டிலில் கிடந்தாள். அங்கியின் ஓரத்தைச் சின்ன வயதுப் பழக்கத்தில் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த உன் மாமா பதறி எழுந்தார். அதை அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். பல் இறுகியிருந்தது, சுலபமாக வரவில்லை. அவள் இமையை விலக்கிப் பார்த்தேன். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. டிரைவர் யோசிக்கவே இல்லை, "ஏறுங்க ஏறுங்க" என்று ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் அவள் மூச்சு விடுவதும் நிற்பதுமாக இருந்தது. நிற்கும்போதெல்லாம் நானும் மூச்சு விடவில்லை.

அங்கே வாசலிலேயே "பூச்சி மருந்து, பூச்சி மருந்து" என்று கத்தினேன். பெண் டாக்டர் ஒருவர் கண்ணையும் எச்சிலையும் பார்த்துவிட்டு உடனே ஊசி போட்டார். ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். விடிந்த பிறகு என்னிடம் வந்து, "நீங்க வரும்போதே என்னன்னு சொன்னதாலதான் முடிஞ்சுது. தேடிக்கிட்டிருந்தா நேரம் பத்தியிருக்காது" என்றார். என் கையையும் பிடித்துப் பார்த்தார். எனக்கும் நடுக்கம் இருந்திருக்கிறது. மிஷின் மிதித்து மிதித்து வந்த அசதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாடகக் கம்பெனிக்கு உன் மாமா போய்க் கேட்டார். உடுப்புப் பெட்டியை யார் மூடினாலும் ஒரு கைப்பிடி பொடி தூவிவிட்டு மூடுவது அங்கே வழக்கமாம். வயலுக்குப் போடுகிற மருந்து. கொட்டகையைப் பூட்டிய அன்று கடைசியாக மூடியவர், இனி எப்போது திறக்கப் போகிறார்களோ என்று டப்பாவையே மேலாகக் கவிழ்த்துவிட்டாராம். அப்படிக் கவிழ்த்தவர் உன் மாமாவைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "ராஜா அங்கிங்க. அது கெட்டுப் போகக் கூடாதேன்னுதான்" என்றாராம். எனக்கு அவரைத் திட்டக்கூட முடியவில்லை. துணியைக் காப்பாற்ற நினைத்த ஆள், நானும் அதே தொழில்தான் செய்கிறேன். பெட்டியோடு எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி சொன்ன ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து எடுத்துப்போனார்கள். அறையை மூன்று தடவை கழுவினோம். இன்னும் அந்த மேசையில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

நேற்று பாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கஞ்சி குடிக்கிறாள். பென்சில் பிடிக்கிறாள், கோடு கொஞ்சம் கோணுகிறது. வந்ததும் முதலில் கேட்டது, "பெரியம்மா எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் ஒருவரும் பால்கனிப் பக்கம் போகவில்லை. செத்திருப்பாள் என்று நினைத்து, பாப்பா பார்த்துவிடக் கூடாதே என்று நான் மட்டும் போனேன். கிண்ணம் வறண்டு கிடந்தது. அவள் கண்ணாடியோரம் நின்றிருந்தாள். ஐந்து காலில், கொஞ்சம் சாய்ந்து, ஆனால் நின்றிருந்தாள். பாதியில் விட்டிருந்த அந்தக் காலைக் காணவில்லை. அதையும் தின்றுதான் இந்த நாட்களை ஓட்டியிருக்கிறாள்.

முன்பு அதைப் பார்த்து டம்ளரைக் கீழே போட்டவள் நான். நேற்று அழுதேன். எத்தனை காலைக் கழற்றிக் காட்டினாள் எனக்கு. நான் பார்க்கப் பிடிக்காமல் அந்தத் துணியையே போட்டு மூடினேன்.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். கை உதறியது. இந்தத் தடவை பயத்தில்தான், சந்தேகமே இல்லை. அவள் ஒரு காலைத் தூக்கியதும் இரண்டடி பின்னால் குதித்தேன். என்னால் அவளை ஒருநாளும் தொட முடியாது, அதை நீ எதிர்பார்க்காதே. ஆனால் தொட்டியைப் பழையபடி உள்ளே வைத்துவிட்டேன், பாப்பாவின் கட்டிலுக்கு நேராக. உன் மாமா கரப்பான்பூச்சி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

நீ ஆறு மாதம் முடித்துவிட்டுத்தான் வருவாய் என்று தெரியும். பூட்ஸ் கயிறைத் தளர்த்தியே கட்டு. வந்ததும் முதல் காரியமாக உன் காதைத் திருகுவேன், பிறகு சாப்பாடு போடுவேன்.

தொட்டியின் மேல் இனி எந்தத் துணியும் போடுவதாக இல்லை. மிஷினில் உட்கார்ந்தால் அவள் என்னைப் பார்க்கிறாள், நானும் அவளைப் பார்க்கிறேன். இன்று காலை எழுந்ததும் முதலில் அவள் கால்களை எண்ணினேன். ஐந்து. அப்புறம்தான் தைரியம் வந்து, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் விரல்களை என் கைக்குள் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. நாளைக்கும் எண்ணுவேன்.

உன் அக்கா